ஊருக்குத் திரும்பும் முதியவர்கள்: கிடைக்கும் உதவிகளும் அவற்றைக் கேட்டுப் பெறும் வழிகளும்

1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது நாற்பது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அன்று கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர் இன்று ஒரு குடும்பத்தின் தலைவர். தையிட்டி, காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, வசாவிளான் எனக் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு தடவை காணி விடுபடும்போதும் எல்லைக் கல்லைத் தேடி முதலில் பற்றைக்குள் இறங்குபவர் அநேகமாக வீட்டின் மூத்தவராகத்தான் இருப்பார். வேலி எங்கே நின்றது, கிணறு எந்த மூலையில் இருந்தது, ஒழுங்கை யாருக்குப் பொது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் மீள்குடியேற்றப் படிவங்களை நிரப்பும்போது அவருடைய பெயர் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. "தங்கி வாழ்பவர்" என்ற சொல்லோடு அவருடைய தேவைகள் முடிந்துவிடுகின்றன. வீடு, கிணறு, மலசலகூடம், வாழ்வாதாரம் பற்றியெல்லாம் பேசப்படும் கூட்டங்களில், முதியவருக்கென்று தனியாக என்ன உண்டு என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காததால் கிடைக்காமற் போகும் உதவிகள் பல. அவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். முதியவர்களும் வாசிக்கலாம்; அவர்களுக்காக அலுவலகம் ஏறி இறங்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசிக்கலாம்.

இலங்கையில் 60 வயதைப் பூர்த்தி செய்தவர் சட்டப்படி முதியவர் ஆவார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் இச்சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. கீழே சொல்லப்படும் உதவிகளில் சில 60 வயதிலேயே தொடங்கும். சிலவற்றுக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும்.

முதலில் யாரிடம் போவது?

எல்லாவற்றுக்கும் முதற்படி உங்கள் கிராம அலுவலர், அதாவது ஊரில் இன்றும் பலர் விதானையார் என்று அழைப்பவர். நீங்கள் மீளக்குடியமர்ந்த கிராமத்தில் உங்கள் பதிவு இருக்கிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ இருந்த காலத்துப் பதிவு இன்னும் அங்கேயே இருந்தால் கொடுப்பனவுகளும் அங்கேயே தங்கிவிடும். பதிவு இரண்டு பிரதேச செயலர் பிரிவுகளுக்கிடையே இழுபட்டுக்கொண்டிருக்கும் மாதங்களில் முதியவரின் கொடுப்பனவு தடைப்படக்கூடும். ஆகவே பழைய இடத்தில் பெயரை நீக்கும்போதே, இதுவரை பெற்று வந்த கொடுப்பனவுகளின் விபரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரதேச செயலகம். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் கடமையாற்றுகிறார்கள். முதியோர் அடையாள அட்டையை இவர்கள் மூலமே பெறவேண்டும். தேசிய அடையாள அட்டையின் பிரதி, புகைப்படம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். இந்த அட்டையைக் காட்டி வைத்தியசாலை, வங்கி, தபாலகம், அரச அலுவலகம் போன்ற இடங்களில் முன்னுரிமை கேட்கலாம். நீண்ட வரிசையில் நிற்க முடியாத ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல.

தொலைந்த ஆவணங்கள்

பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களில் முதியவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாதிருப்பது வழக்கம். பழைய காலத்தில் பதியாமலே விட்டவர்களும் உண்டு. பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 70 வயதுக் கொடுப்பனவுக்கு வயதை நிரூபிக்க வேண்டியிருப்பதால் இதைப் பிற்போட வேண்டாம்.

பெயர் வேறுபாடு இன்னொரு சிக்கல். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, காணி உறுதியில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருக்கும். இருவரும் ஒருவரே என்பதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசியையும் ஆயத்தமாக வைத்திருங்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் இதைக் கேட்பார்கள்.

கணவரையோ பிள்ளையையோ யுத்தத்தில் இழந்த தாய்மாருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் பெரும் மனச்சுமை. உடலைக் காணாத ஒருவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மனம் ஒப்பாது. அப்படிக் கையொப்பமிட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற் போனவரின் மரணத்தைப் பதிய இடமளித்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், மரணம் என்று பதியாமல் அவர் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழையும் பெற வழிசெய்தது. வங்கிக் கணக்கு, சொத்து, பிள்ளைகளின் அலுவல்கள் முதலியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் இதுபற்றிக் கேட்கலாம். எந்தச் சான்றிதழை எடுப்பது என்பதை அந்தத் தாயே தீர்மானிக்க வேண்டும். அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

மாதாந்தக் கொடுப்பனவுகள்

குறைந்த வருமானம் கொண்ட குடும்பங்களிலுள்ள 70 வயதைக் கடந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2012இல் 1000 ரூபாவாகத் தொடங்கியது. பின்னர் 2000 ரூபா ஆனது. 2023இல் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் முதியோர், வலுவிழந்தோர், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் அத்திட்டத்தோடு இணைக்கப்பட்டன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவை 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாகவும், வலுவிழந்தோர் கொடுப்பனவை 7500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்துவதாக அறிவிக்கப்பட்டது. தொகை காலத்துக்குக் காலம் மாறுவதால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

அஸ்வெசும தெரிவு கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து முதலியவை சார்ந்த 22 சுட்டிகளைக் கொண்டு செய்யப்படுகிறது. கணிப்பிடப்படுவது குடும்பம் என்பதைக் கவனியுங்கள். விபரம் எடுக்க வரும் அலுவலரிடம் தனியாகச் சமைத்துத் தனியாக வாழும் ஆச்சியை மகளின் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டால், அவருடைய வறுமை கணக்கில் வராது. அவர் தனிக் குடும்பம் என்றால் தனிக் குடும்பமாகவே பதியுங்கள். விடுபட்டவர்களுக்கு மேன்முறையீடு செய்ய வாய்ப்பு உண்டு. அதற்கான கால எல்லையைக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தினூடாக வழங்கப்படும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் இன்னொன்று. ஆதரவற்றவர்களுக்கும் உழைக்க இயலாதவர்களுக்கும் உரிய இந்த உதவியை ஊரில் "பிச்சைச் சம்பளம்" என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், தகுதியுள்ள பலர் வெட்கப்பட்டு விண்ணப்பிப்பதில்லை. இது எவருடைய தருமமும் அல்ல, பொதுப் பணத்திலிருந்து வழங்கப்படும் உரித்து. அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதே அயலவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி.

ஓய்வூதியமும் சேமலாப நிதியும்

இளமையில் செய்த வேலைக்குரிய பணம் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். அங்கோ வேறு நிறுவனத்திலோ வேலை செய்தவர்களின் ஊழியர் சேமலாப நிதி இன்னும் எடுக்கப்படாமல் இருக்கலாம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறத் தகுதி பெறுகிறார்கள். அங்கத்துவ இலக்கம் தெரியாவிட்டாலும் பழைய சம்பளத் துண்டு, நியமனக் கடிதம் என எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகள் கோரலாம்.

கமக்காரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இலும் கடற்றொழிலாளர்களுக்கான திட்டம் 1990இலும் சட்டமாயின. அவற்றில் சந்தாப்பணம் கட்டியவர்கள் புத்தகத்தையோ பற்றுச்சீட்டையோ கமநல சேவை நிலையத்திலோ கமத்தொழில் காப்புறுதிச் சபையின் அலுவலகத்திலோ காட்டி விசாரிக்கலாம். அரச ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். இடம் மாறியவுடன் புதிய விலாசத்தைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு அறிவியுங்கள். அரச ஊழியராக இருந்து இறந்தவரின் மனைவிக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பிள்ளைகளின் கடமை

பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்றும், அவர்களைப் பராமரித்துத் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் ஒருவர் அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கோரலாம். அவரால் இயலாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பிக்கலாம்.

பெற்ற பிள்ளை மீது முறைப்பாடு எழுத எந்தத் தாயும் தந்தையும் இலேசில் சம்மதிப்பதில்லை. அதனால் முதலில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளை அழைத்துப் பேசலாம். ஒரு பிள்ளை வெளிநாட்டிலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் ஊரிலும் இருக்கும் குடும்பங்களில், ஊரில் இருப்பவர் தலையில் முழுச் சுமையும் விழுவதே பல மனக்கசப்புகளுக்குக் காரணம். யார் பணம் அனுப்புவது, யார் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, யார் இரவில் பக்கத்தில் படுப்பது என்று தெளிவாகப் பிரித்துப் பேசிக்கொண்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். காசு அனுப்புவது மட்டும் பராமரிப்பு ஆகாது. பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கும் ஓய்வு வேண்டும்.

காணியை எழுதிக் கொடுக்கும் முன்

வீட்டுத் திட்டம் ஒன்றுக்குத் தெரிவாகும்போது காணியின் உரித்தைக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது முதியவரின் பெயரிலுள்ள காணியை மகனுக்கோ மகளுக்கோ உடனே எழுதச் சொல்லிக் குடும்பத்துக்குள் அழுத்தம் வருவதுண்டு. எழுதுவது தவறல்ல. ஆனால் எழுதிய பிறகு அந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமை என்ன ஆகும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

நன்கொடை உறுதி முடிக்கும்போது சீவிய உரித்தைத் தமக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் காணி பிள்ளையின் பெயருக்குப் போனாலும் உயிருள்ளவரை அங்கே வாழவும் அதன் பலனை அனுபவிக்கவும் முதியவருக்கு உரிமை இருக்கும். இதை உறுதியில் எழுதும்படி நொத்தாரிசிடம் நீங்களே சொல்லுங்கள். உறுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். மீளப்பெற முடியாத நன்கொடையை நன்றிகெட்ட நடத்தை காரணமாக இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு நீதிமன்றம் போகவேண்டும், கால எல்லையும் உண்டு. பின்னர் வழக்காடுவதிலும் முன்னரே ஒரு வரி சேர்ப்பது நல்லது. வசதியற்றவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை பெறலாம். பழைய உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம்.

வீடு கட்டும்போதே யோசியுங்கள்

அத்திவாரம் போடும் முன் சொன்னால் மேலதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை பல. கட்டி முடித்த பிறகு உடைத்துச் செய்ய வேண்டிவரும்.

• வாசற்படிக்குப் பக்கத்தில் சறுக்கலான சாய்தளம் ஒன்று விடுங்கள். சக்கர நாற்காலிக்கு மட்டுமல்ல, முழங்கால் நோவுள்ளவருக்கும் அது உதவும்.
• மலசலகூடத்தைக் காணியின் கோடியில் வைக்காமல் வீட்டுக்குக் கிட்ட அமையுங்கள். குந்தியிருக்க முடியாதவருக்குக் கொமேட்டும், சுவரில் பிடித்தெழும்பக் கைபிடியும் தேவை.
• முதியவர் படுக்கும் அறையிலிருந்து மலசலகூடம் வரை இரவில் வெளிச்சம் இருக்கட்டும்.
• கிணற்றுக்குக் கட்டு உயரமாக இருக்கட்டும். கப்பியோ சிறிய மோட்டரோ இருந்தால் வாளி இழுக்கும் சிரமம் குறையும்.

விடுவிக்கப்பட்ட காணிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூத்தவர்கள் தமக்குத் தெரிந்த பழைய ஒழுங்கை வழியாக விறகு பொறுக்கவும், பனங்காய் எடுக்கவும், கோயிலைப் பார்க்கவும் போய்விடுவார்கள். அந்த ஒழுங்கை அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதற்குள் இடையில் என்ன புதைக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. சிவப்பு நிற எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ இருக்கும் இடத்தைத் தாண்ட வேண்டாம். பற்றை மூடிய பாழுங்கிணறுகளையும் கவனியுங்கள்.

உடல்நலம்

யாழ் போதனா வைத்தியசாலைக்கு மேலதிகமாகத் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இயங்குகின்றன. சலரோகம், உயர் குருதியமுக்கம், இருதய நோய் ஆகியவற்றுக்கு மாதாந்தக் கிளினிக்குகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கும். வீடு மாறும்போது பழைய கிளினிக்கிலிருந்து கொப்பியையும் மாற்றுக் கடிதத்தையும் வாங்கிவாருங்கள். மீள்குடியேற்றக் காலத்து அலைச்சலில் இரண்டு மூன்று மாதம் மருந்து தவறுவது உயிருக்கே ஆபத்தாகலாம். புதிய இடத்தில் பதியும் வரை போதுமான மருந்தைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இச்சேவை வடக்கில் 2018இல் ஆரம்பமானது. வலிகாமம் வடக்கு மக்கள் எவருக்கும் அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. வீட்டு இலக்கமில்லாத புதிய குடியிருப்பு என்றால் கோயில், பாடசாலை, சந்தி என்று அடையாளம் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பார்வை மங்கினால் வயது போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். கண்புரை சத்திர சிகிச்சையால் குணமாகும். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றை யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் வழங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன் பொருத்திய கால் இப்போது பொருந்தாமல் இருந்தால் மீண்டும் அளவெடுக்கக் கேளுங்கள்.

மனமும் திரும்பிவர வேண்டும்

ஊருக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முப்பது வருடம் காத்திருந்தவர், இடிந்த வீட்டையும் வெட்டப்பட்ட மாமரத்தையும் கண்டதும் பேச்சின்றிப் போய்விடுவதுண்டு. அயலில் இருந்த பாதிப்பேர் உயிருடன் இல்லை, மீதிப்பேர் கடல் கடந்துவிட்டார்கள். யுத்தம் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து விரிவாக எழுதியிருக்கிறார்.

நித்திரையின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை, எதிலும் நாட்டமின்மை, "நான் ஏன் இருக்கிறேன்" என்ற பேச்சு இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதுமையின் இயல்பு என்று எண்ணாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணை வழங்குகிறது. தொலைபேசியில் பேச விரும்புவோர் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். மறதி கூடி, வந்த வழி தெரியாமல் பழைய முகாமைத் தேடிப் புறப்படுபவர்களின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டொன்றை வைத்துவிடுங்கள்.

முதியோர் இல்லம்

பிள்ளைகள் இல்லாத அல்லது கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் அளிப்பது அரசின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. கைதடியில் வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் அரச முதியோர் இல்லம் இயங்குகிறது. இங்கு சேர விரும்புவோர் தமது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை அணுக வேண்டும். சமய, தொண்டு நிறுவனங்களின் இல்லங்களும் உண்டு. எந்த இல்லமானாலும் அது பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முடிவெடுக்கும்போது முதியவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். போக விரும்புகிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.

ஊரில் ஒரு முதியோர் சங்கம்

கிராம அலுவலர் பிரிவு தோறும் முதியோர் சங்கம் அமைக்க ஏற்பாடு உண்டு. புதிதாகக் குடியமர்ந்த கிராமங்களில் பழைய சங்கம் கலைந்திருக்கும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை அழைத்து அதை மீண்டும் தொடங்கலாம். ஒக்டோபர் 1ஆம் திகதி சர்வதேச முதியோர் தினத்தில் பொன்னாடை போர்த்துவதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடக் கூடாது. தனியாக இருக்கும் ஒருவர் வீட்டில் காலையில் அடுப்பு எரிந்ததா என்று பார்க்க ஓர் ஆள், கிளினிக் நாளில் நாலு பேர் சேர்ந்து போக ஓர் ஓட்டோ, வரும் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை என்று ஒழுங்குசெய்தாலே போதும். அதற்குத் திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மூத்தவரின் அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, காணி உறுதி, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். இல்லாதது எது என்று எழுதிக்கொண்டு கிராம அலுவலரிடம் போங்கள். அங்கு உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், உங்கள் கிராமத்துக்கு வரும் எமது களப் பணியாளரிடம் அந்தத் துண்டைக் காட்டுங்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர் வழிகாட்டுவார். தேவைப்பட்டால் கூடவே வருவார்.